மூணு இன்ச் ஹீல்னா எந்த மூணு இன்ச்?

ஆன்லைனில் செருப்பு விற்கிற மகராசன்களே, "ஹீல் உயரம் 3 இன்ச்" என்று போட்டிருக்கிறீர்களே, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஒரு ஜோடியில் பின்பக்கம் 4 இன்ச். ஆனால் முன்பாதத்துக்கு அடியிலும் ஒன்றரை இன்ச் பிளாட்ஃபார்ம் இருக்கிறது. அப்படியானால் கால் நிற்பது இரண்டரை இன்ச் சரிவில்தான். பக்கத்திலேயே இன்னொரு ஜோடி, ஹீல் 3 இன்ச், முன்னால் சோல் இருப்பதே தெரியவில்லை. எழுதியிருப்பதை நம்பினால் இதுதான் தாழ்வு. போட்டு நின்றால் இதுதான் உடம்புப் பாரத்தையெல்லாம் விரலடியில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. பின்பக்க உயரத்தில் முன்பக்க உயரத்தைக் கழித்தால் வருகிற அந்த ஒரு எண்தான் காலுக்கு வேண்டும். அதை மட்டும் எவரும் எழுத மாட்டார்கள். "பார்ட்டிக்கு உகந்தது", "மிடுக்கான தோற்றம்" என்று மட்டும் வண்டி வண்டியாக எழுதுவார்கள். மிடுக்கு எத்தனை இன்ச் ஐயா?

சரி, வகையையாவது ஒழுங்காகச் சொல்கிறார்களா? குதி ஊசியாக உயர்ந்திருந்தால் ஸ்டிலெட்டோ. அதே மெல்லிசுக் குதி, இரண்டு இன்ச்சுக்குள் நின்றுவிட்டால் கிட்டன் ஹீல். கட்டை மாதிரி கனமாக இருந்தால் பிளாக் ஹீல். குதியிலிருந்து முன்பாதம் வரை இடைவெளியே விடாமல் அடைத்திருந்தால் வெட்ஜ். இதில் என்ன பிரமாதக் கஷ்டம்? ஆனால் வெட்ஜ் என்று தேடினால் பிளாக் ஹீல் வந்து நிற்கும். பம்ப், அதாவது லேஸும் வாரும் இல்லாமல் காலை அப்படியே நுழைக்கிற ஷூ, என்று தேடினால் ஒரு இடத்தில் ஹீல் வைத்தது, இன்னொரு இடத்தில் தட்டையானது. ஸ்லிங்பேக்கையும் மியூலையும் ஒரே தலைப்பில் கொட்டி வைத்திருப்பார்கள். ஸ்லிங்பேக்கில் குதிகாலைப் பிடிக்க ஒரு வாராவது உண்டு. மியூலில் பின்பக்கம் ஒன்றுமே கிடையாது. கழன்று ஓடாமல் இருக்க ஒவ்வொரு அடியிலும் விரல்களை இறுக்கிக்கொண்டே நடக்க வேண்டும். நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவருக்கு இது சின்ன வித்தியாசமா?

என்னை உச்சக்கட்டமாகக் கடுப்பேற்றுவது படங்கள்தான். எப்போதும் பக்கவாட்டுப் படம், அதுவும் காலே இல்லாத ஷூ. மேலிருந்து ஒரு படம் எடுத்தால் என்ன கேடு? கூர்முனை ஷூவில் விரல்கள் முனை வரைக்கும் போகாது, அதற்கு முன்பே நின்றாக வேண்டும். அந்த நிற்கிற இடம் எவ்வளவு அகலம் என்பது மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். தெரியாமல் வாங்கினால் சுண்டுவிரல் மடங்கி, தோல் உரிந்து, கடைசியில் கால் ஆணி. அடுத்தது குதி எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பது. குதிகால் எலும்புக்கு நேர் கீழே இருந்தால் ஊசிக் குதியில்கூட ஓரளவு நிதானமாக நிற்கலாம். அழகுக்காகப் பின்விளிம்புக்குத் தள்ளிவிட்டால் கனத்த குதியும் ஆடும். அப்புறம் உள்ளே, பாத வளைவுக்கு அடியில், பெரும்பாலும் எஃகில் ஒரு பட்டை வைப்பார்கள். ஷூவைக் கையில் எடுத்து மடக்கினால் விரலடியில்தான் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் அந்தப் பட்டை இல்லை, அல்லது இருந்தும் பிரயோஜனமில்லை. இதைத் திரையில் எப்படி மடக்கிப் பார்ப்பது?

ஹீல்ஸ் போட்டு நடக்க முடியவில்லை என்றால் "பழகிக்கணும்மா" என்று அறிவுரை வேறு. உயர்ந்த குதி முதலில் பாரசீகக் குதிரை வீரர்களிடம் இருந்தது. சேணத்திலிருந்து தொங்குகிற அங்கவடியில் கால் நழுவாமல் நிற்பதற்கு. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிரான்சின் பதினான்காம் லூயி சிவப்புக் குதி போட்டுக்கொண்டு திரிந்தார். குதிரை ஓட்டுவதற்கு வந்த சாமானை மாட்டிக்கொண்டு படியேறுகிறவரிடம் பழகச் சொல்கிறார்கள்.

ஆண்கள் தப்பித்தார்களா என்றால் அதுவும் இல்லை. லேஸ் கட்டுகிற தோல் ஷூ எல்லாமே அவர்களுக்கு "ஃபார்மல்". லேஸ் ஓட்டை உள்ள மடல்கள் முன்பக்கத் தோலுக்கு அடியில் போய்த் தைக்கப்பட்டிருந்தால் ஆக்ஸ்ஃபோர்டு, மேலே தைக்கப்பட்டிருந்தால் டெர்பி. மேற்பாதம் உயர்ந்தவர் ஆக்ஸ்ஃபோர்டு வாங்கினால் எவ்வளவு இழுத்தாலும் மடல்கள் சேராமல் இளித்துக்கொண்டு நிற்கும். டெர்பியில் விட்டுக் கட்ட இடம் உண்டு. இதை ஒரு வரி எழுதினால் விற்பனை படுத்துவிடுமா? ப்ரோக் என்பது தோலில் போட்ட ஓட்டை அலங்காரம்; அதை ஒரு தனி ஷூ வகையாகவே வைத்திருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் மேலே சைஸ் அட்டவணை. ஐரோப்பிய அளவில் ஒரு எண் ஏறினால் சுமார் 6.7 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் அளவில் சுமார் 8.5. இரண்டும் ஒன்றோடொன்று நேராக உட்காரவே உட்காராது. அதனால்தான் ஒரே பிரிட்டிஷ் எண்ணை ஒரு பிராண்ட் 39 என்கிறது, இன்னொன்று 40 என்கிறது. பாதத்தின் நீளத்தை மில்லிமீட்டரில் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அகலத்தையும் போட்டால் இன்னும் நல்லது.

கடித்த செருப்பைத் திருப்பி அனுப்பலாம் என்று போனால் காரணம் கேட்கிறது. "பெரிதாக உள்ளது", "சிறிதாக உள்ளது", "பிடிக்கவில்லை". குதி தப்பான இடத்தில் இருக்கிறது என்று சொல்ல அங்கே வழியே கிடையாது. "சிறிதாக உள்ளது" என்று அழுத்தினேன். உடனே ஒரு யோசனை வந்தது: இதே மாடலில் ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்களாம்.