ஒரே நாள்ல கன்னியாகுமரிய "முடிக்க" வர்ற சொந்தங்களே, கொஞ்சம் நில்லுங்க

"கன்னியாகுமரில அப்படி ஒண்ணும் பெருசா இல்லப்பா, ஒரு நாள் போதும், முடிச்சிரலாம்." இந்த டயலாக்க இனிமே எவனாவது என் முன்னாடி சொன்னா என்ன நடக்கும்னு எனக்கே தெரியாது. முடிச்சிரலாமாம்! அது என்ன பரீட்சை பேப்பரா, பெல் அடிக்கிறதுக்குள்ள எழுதி முடிக்க?

நான் நாகர்கோவில்காரன். மலை, வயல், அருவி, கடல் எல்லாம் ஒரே ஜில்லாக்குள்ள கிடக்கிற ஊர்ல பொறந்தது வரம்தான், இல்லேங்கல. சாபம் என்னன்னா ஸ்கூல் லீவு விட்டா போதும், சொந்தக்காரன், சொந்தக்காரனோட ஃப்ரெண்டு, அந்த ஃப்ரெண்டோட ஆபீஸ்ல வேலை பாக்குறவர்னு ஒரு படையே ட்ரெயின் ஏறி எங்க வீட்டுல வந்து இறங்கும். வரட்டும், அதுல எனக்கு வருத்தமே இல்ல, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் ஆக்கிப் போட எங்கம்மாவுக்கு கொள்ளை ஆசை. பிரச்சனை அவங்க போன்ல கொண்டு வர்ற அந்த லிஸ்ட்டுதான். சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, கண்ணாடிப் பாலம், காந்தி மண்டபம், சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி, அப்புறம் மறுபடி முக்கடல் முனைக்கு ஓடி வந்து சூரிய அஸ்தமனம். எல்லாம் ஒரே நாள்ல! சில பேர் இன்னும் ஒரு படி மேல, "அப்படியே திருவனந்தபுரம் பத்மநாபசாமி கோயிலும் பாத்துட்டு வந்துரலாமே, பக்கம்தானே"ன்னு கேப்பாங்க. பக்கம்தான் மாமா, மேப்ல எல்லாமே பக்கம்தான். மேப்ல தெரியுற அறுபது கிலோமீட்டர் வேற, தக்கலையையும் மார்த்தாண்டத்தையும் லீவு நாள்ல கார்ல தாண்டுற அறுபது கிலோமீட்டர் வேற.

நான் ஏதாவது சொல்ல வாய் திறந்தா அம்மா அடுப்படில இருந்து சைகை காட்டுவாங்க, "மக்ளே, வந்தவங்க மனசு கோணக்கூடாது". சரின்னு வாயை மூடிட்டு வண்டில ஏறி உக்காந்தா அங்கேருந்து ஆரம்பிக்கும் பாருங்க கூத்து.

சூரிய உதயம் வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போகும். அதுக்கப்புறம் படகு. இந்தப் படகு விஷயத்துல வெளியூர்க்காரங்க யாரும் புரிஞ்சிக்க மாட்டேங்குறது என்னன்னா, அங்க இருக்கிறது ஒரு படகுத்துறை, விரல் விட்டு எண்ணுற அளவுக்குப் படகு, காலைல எட்டு மணிக்குத்தான் முதல் படகு, ஆனா சூரிய உதயம் பாத்த அத்தனை கூட்டமும் டீ குடிச்சிட்டு நேரா அங்கதான் போகும், பேக்கேஜ் வேன்காரன் அத்தனை பேரும் தன் ஆளுங்களை அதே நேரத்துல அதே வாசல்லதான் இறக்கி விடுவான். மே மாசம்னா வரிசை தெருவுக்கு வந்துரும். கார்த்திகை பொறந்து ஐயப்ப சாமிமார் சீசன் ஆரம்பிச்சா அதுக்கும் மேல. மணிக்கணக்கா நிக்கணும். வரிசைல நிக்கிறப்போ காத்து அடிக்குது, கடல் உள்வாங்குதுன்னு படகை நிறுத்தினாலும் நிறுத்திருவாங்க, அது பாதுகாப்புக்கு, அதை நான் குறை சொல்ல மாட்டேன். குறை என்னன்னா அதை வரிசைல நிக்கிற மனுஷனுக்கு ஒரு வார்த்தை தெளிவா சொல்றதுக்கு ஆள் கிடையாது. கைக்குழந்தை வச்சிருக்கிற பொம்பளைங்க, முட்டி வலில நிக்க முடியாத ஆச்சிங்க எல்லாம் அந்த வேக்காட்டுல நின்னுட்டு இருப்பாங்க. பல மடங்கு காசு கொடுத்து ஸ்பெஷல் டிக்கெட் எடுத்தா அந்த வரிசையும் லீவு நாள்ல சாதா வரிசை மாதிரியேதான் நிக்குது, அப்புறம் அதுல என்ன ஸ்பெஷல்?

சரி, நின்னாச்சு, போயாச்சு. அங்க போய் என்ன செய்றாங்க? 1892 டிசம்பர்ல விவேகானந்தர் உக்காந்து தியானம் பண்ணின பாறை அது. 1970ல மண்டபம் கட்டித் திறந்தாங்க, உள்ள ஒரு தியான மண்டபம் இருக்கு, இருட்டா, குளுகுளுன்னு, கடலுக்கு நடுவுல அப்படி ஒரு அமைதி வேற எங்க கிடைக்கும்? நம்ம ஆளுங்க ஒரு கதவு வழியா நுழைஞ்சு மறு கதவு வழியா வெளிய வந்துருவாங்க, நடுவுல ஒரு போன் வேற அடிக்கும். வள்ளுவர் சிலைகிட்ட போனா இன்னும் கொடுமை. 133 அடிங்கிறது 133 அதிகாரத்துக்குன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா பீடம் மட்டும் 38 அடி, ஏன்னா அறத்துப்பால்ல 38 அதிகாரம், மேல நிக்கிற சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்து 95 அதிகாரம், அறத்து மேலதான் மத்த ரெண்டும் நிக்குதுன்னு கணபதி ஸ்தபதி கல்லுல சொல்லி வச்சிருக்காரு மனுஷன். இதை நான் சொல்ல ஆரம்பிச்சா மாமா, "டேய் அது கிடக்கட்டும், நான் வள்ளுவர் தலையைத் தொடுற மாதிரி ஒரு போட்டோ எடு"ங்கிறாரு.

இப்போ கண்ணாடிப் பாலம் வந்ததுல இருந்து இன்னும் சுத்தம். 2024 டிசம்பர் கடைசியில திறந்தாங்க. எதுக்குக் கட்டினாங்க? சிலை இருக்கிற பாறையைச் சுத்தி ஆழம் கம்மி, நீர்மட்டம் இறங்கினா படகு அணைய முடியாது, அதனால விவேகானந்தர் பாறை வரைக்கும் போனவங்க எத்தனையோ நாள் சிலையை எட்ட நின்னு பாத்துட்டு திரும்பினாங்க. அதுக்குத்தான் 77 மீட்டர்ல ஒரு பாலம். ரொம்ப நல்ல விஷயம். ஆனா நம்மாளுங்களுக்கு சிலைக்குப் போறதுக்குப் பாலங்கிறது போய் பாலத்துல நின்னு ரீல்ஸ் எடுக்கிறதுதான் வேலைன்னு ஆகிப்போச்சு, பின்னாடி வர்ற கூட்டம் நகர முடியாம நிக்குது, சில பேர் பாலம் பாத்தாச்சுன்னு சிலை காலடிக்குக் கூட போகாம திரும்பி வர்றாங்க!

இதுக்குள்ள மத்தியானம். "சீக்கிரம் சீக்கிரம், சுசீந்திரம்"னு ஓடுவாங்க. மத்தியானம் நடை சாத்திருவாங்கன்னு முந்தின நாளே சொல்லியிருப்பேன். காதுல ஏறாது. இசைத் தூணும் 18 அடி ஆஞ்சநேயரும் இருக்கிற கோயிலோட கோபுரத்தை மட்டும் வெளிய நின்னு ஒரு செல்ஃபி. லிஸ்ட்ல டிக் போட்டாச்சுல்ல.

அடுத்தது அரண்மனை. ஐயா, அம்மா, கால்ல விழுந்து கேக்குறேன், பத்மநாபபுரம் அரண்மனைக்கு திங்கட்கிழமை லீவு. லீவுன்னா லீவுதான், "தூரத்துல இருந்து வந்திருக்கோம்"னு சொன்னா திறக்க மாட்டாங்க. சனி ஞாயிறு கல்யாணத்துக்கு வந்துட்டு திங்கட்கிழமை சுத்திப் பாக்க கிளம்புற கூட்டம் எத்தனை! என் சித்தப்பா ஒருத்தர் பூட்டின கேட்டு முன்னாடி நின்னுக்கிட்டு என்கிட்ட சண்டை போட்டாரு, "நீ உள்ளூர்க்காரன்தானே, ஆளைப் புடிச்சு உள்ள விடச் சொல்லேன்"னு. அது தமிழ்நாட்டு மண்ணுல இருந்தாலும் பராமரிக்கிறது கேரள அரசு, 1956ல இந்தப் பகுதி நம்மகூட சேர்ந்தப்பவும் அரண்மனை அவங்க கையிலதான் இருந்துச்சு, நான் யாரைப் புடிக்கட்டும்?

திறந்திருக்கிற நாள்ல போனாலும் என்ன கிழிஞ்சுது? மத்தியானம் ஒரு மணி நேரம் சாப்பாட்டு நேரம்னு டிக்கெட் கவுன்ட்டர் மூடியிருக்கும், கரெக்டா அப்பதான் போய் நிப்போம். உள்ள விட்டதும் ஓட்டம். அந்தக் கருப்புத் தரை இருக்கே, சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேத்துப் போட்டதுன்னு சொல்வாங்க, இன்னைக்கும் வெறுங்கால்ல நடந்தா அந்த வழவழப்பும் குளிர்ச்சியும் அப்படி இருக்கும். மர வேலைப்பாடு ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி கால் மணி நேரம் நிக்கலாம். ஆயிரம் பேர் உக்காந்து சாப்பிடுற ஊட்டுப்புரை ரெண்டு மாடில இருக்கு. இதை எல்லாம் முக்கால் மணி நேரத்துல பாத்துட்டு, "என்னப்பா அரண்மனைங்குற, மைசூர் மாதிரி இல்லையே, எல்லாம் ஓட்டு வீடு மாதிரி இருக்கு"ன்னு ஒரு கமெண்ட்டு. அந்த எடத்துல நான் செருப்பைப் போட்டுட்டு வெளிய வந்துட்டேன், பேச்சே இல்ல.

அதுக்கப்புறம் தொட்டிப்பாலமும் திற்பரப்பும். பாலம் 1966ல கட்டினது, ரெண்டு மலைக்கு நடுவுல பறளியாத்துக்கு மேல 115 அடி உயரத்துல பாசனத் தண்ணி போறதுக்குன்னு கட்டின தொட்டி, நடந்து போனா கீழ ரப்பர் தோட்டமும் தென்னையும் பச்சையா கிடக்கும். அதுல பாதி வரைக்கும் போயிட்டு "திற்பரப்புக்கு நேரமாச்சு"ன்னு திரும்பிருவாங்க. திற்பரப்புல என்ன? கோடை முத்தி மழை இல்லாத நேரம்னா தண்ணி கம்மி. மழை நல்லா பேஞ்சு பேச்சிப்பாறை அணையத் திறந்துவிட்டா கோதையாத்துல வெள்ளம், குளிக்கத் தடை. கிளம்புறதுக்கு முன்னாடி காலைல பேப்பரைப் பாருங்க, இல்ல என்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்கன்னா கேக்க மாட்டாங்க, ஏன்னா லிஸ்ட்ல "அருவி"ன்னு போட்டிருக்கு.

இதுல உச்சக்கட்ட காமெடி சூரிய அஸ்தமனம். திற்பரப்புல இருந்து டிரைவரை விரட்டு விரட்டுன்னு விரட்டி மறுபடி கன்னியாகுமரி முனைக்கு ஓடி வருவாங்க. மே மாசத்துல! அப்போ சூரியன் வடக்க தள்ளி மறையும், அங்க கரையும் மேற்க போகப் போக லேசா வடக்க ஏறுது, அதனால முனைல நின்னு பாத்தா சூரியன் தரைப்பக்கம்தான் போய் விழும், கடல்ல இல்ல. ஐப்பசில இருந்து மாசி வரைக்கும் வந்தா கடல்ல முங்குறதைப் பாக்கலாம். கோடைல கடல்ல அஸ்தமனம் பாக்கணும்னா முட்டத்துக்குப் போங்க, அங்க இருந்து கரை நல்லா வடமேற்க வளைஞ்சு போறதால மேற்குப் பக்கம் பூரா கடல்தான், பாறை, லைட்ஹவுஸ்னு பாக்கவும் அம்சமா இருக்கும். இதைச் சொன்னா, "முட்டம் நம்ம பிளான்ல இல்லையேப்பா". உங்க பிளான் போட்டவன் சூரியனையும் பிளான்ல சேத்திருக்கணும் சித்தி.

சிரிச்சிட்டு விட்டுரலாம் இதையெல்லாம். விட முடியாதது ஒண்ணு இருக்கு. அவசரத்துல வர்றவங்க, இருக்கிற அரை மணி நேரத்துல கடல்ல இறங்கியே ஆகணும்னு நிப்பாங்க. சொத்தவிளை, கணபதிபுரம், தேங்காப்பட்டணம் எல்லாம் பாக்க சாதுவா இருக்கும். எங்க கடல் மெரினா மாதிரி கூட கிடையாது, கால் வைக்கிற எடத்துலயே சட்டுனு ஆழம் வரும், இழுப்பு இருக்கும். அதுலயும் ஏப்ரல், மே மாசத்துல கள்ளக்கடல்னு ஒண்ணு வரும். இங்க காத்தும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் பளிச்சுன்னு இருக்கும், எங்கயோ தெற்க இந்தியப் பெருங்கடல்ல அடிச்ச புயலோட அலை நாள் கணக்கா பயணம் பண்ணி வந்து திடீர்னு கரைல ஏறும். 2024 மே மாசம் கணபதிபுரம் கடற்கரைல அஞ்சு மருத்துவ மாணவங்க போனது இப்படித்தான், கல்யாணத்துக்கு வந்த பிள்ளைங்க. கடல் எச்சரிக்கை அன்னைக்கும் இருந்துச்சு. கரைல வலை காய வைக்கிற பெரியவர் ஒருத்தர் "இன்னைக்கு இறங்காதீங்க மக்கா"ன்னு சொன்னா, தயவு பண்ணி அவர்கிட்ட "முட்டளவுதானே அண்ணாச்சி"ன்னு வாதாடாதீங்க. அவர் அந்தத் தண்ணில பிழைக்கிறவரு.

இத்தனையும் ஓடி முடிச்சு, ராத்திரி என் வீட்டுத் திண்ணைல உக்காந்து, ஏத்தம்பழ பஜ்ஜி கடிச்சுக்கிட்டே சொல்றாங்க பாருங்க, "நாள் பூரா வண்டிலயும் வரிசைலயும்தான் போச்சு, ஊர்ல பாக்க ஒண்ணுமில்ல". அங்கதான் எனக்கு பத்திக்கிட்டு வருது. நீ எங்கய்யா பாத்த? வட்டக்கோட்டை பாத்தியா? முனையில இருந்து கொஞ்ச தூரம்தான், கோட்டைச் சுவர் மேல ஏறினா ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, லீவு நாள்லயும் அவ்வளவு கூட்டம் இருக்காது. சிதறால் மலை ஏறினியா, ஆயிரம் வருஷத்துக்கும் மேல பழைய சமணச் சிற்பம் பாறைல உக்காந்திருக்கு. அரண்மனைக்குப் போற வழியில உதயகிரிக் கோட்டை இருக்கே, 1741ல குளச்சல் போர்ல டச்சுக்காரங்க தோத்து, பிடிபட்ட டிலனாய் திருவிதாங்கூர் படைக்கே தளபதியாகி, கடைசில அந்தக் கோட்டைக்குள்ளதான் அடங்கியிருக்காரு, அந்த வாசலை நீ மணிக்கு எண்பதுல கடந்து போன. ஏன்னா லிஸ்ட்ல இல்ல.

அதனால இந்த லீவுல இருந்து என் வண்டில ஏறணும்னா சில கண்டிஷன், அம்மா சைகை காட்டினாலும் சரி. குறைஞ்சது மூணு ராத்திரி தங்கணும். பாறைக்குப் போற அன்னைக்கு பாறையும் வட்டக்கோட்டையும் மட்டும், அதுவும் வார நாள்ல, முதல் படகுக்கே வரிசைல நிக்கிற மாதிரி எந்திரிக்கணும். அரண்மனை செவ்வாய்ல இருந்து வெள்ளிக்குள்ள, காலைல திறந்ததும், அதோட உதயகிரி. மலைப்பக்கம் தனியா ஒரு நாள். மத்தியானம் ரெண்டு மணி நேரம் வீட்டுல தூக்கம், அதுல கை வைக்கக்கூடாது. திருவனந்தபுரம் போறவங்க நேரா ட்ரெயின்ல அங்கயே போய் இறங்கிக்கோங்க, வேட்டியும் சேலையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க, இல்லேன்னா உள்ள விட மாட்டாங்க. நேத்து இதை ஃபேமிலி குரூப்ல போட்டேன். எல்லாரும் பாத்திருக்காங்க, ஒருத்தரும் பதில் போடல, கோயம்புத்தூர் மச்சான் மட்டும் கேட்டிருக்கான், "மூணு நாள் இருக்குன்னா அப்படியே குற்றாலமும் ராமேஸ்வரமும் சேத்துரலாமா மாப்ள?"