நம் காசில் எடுத்த நியூஸ் ரீல், நம் கண்ணுக்குக் கிடைக்க வேண்டும்

தியேட்டரில் படத்துக்கு முன்னால் ஓடிய நியூஸ் ரீலைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரியவர்கள் பலரும் "அது ஓடும்போதுதான் முறுக்கு வாங்கப் போவோம்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நம் தாத்தா பாட்டி காலத்துத் தெருவும் கூட்டமும் அசைகிற படமாக மிச்சம் இருக்கிறதென்றால் பெரும்பாலும் அந்தச் சுருள்களில்தான்.

1943ல், உலகப் போர் நடக்கும்போது, வெள்ளைக்கார அரசு தான் எடுக்கும் செய்திப் படங்களை எல்லா தியேட்டரும் கட்டாயம் ஓட்ட வேண்டும் என்று விதி போட்டது. போர்ப் பிரச்சாரம் என்று நம் ஆட்களுக்கு அதன் மேல் கடுமையான கோபம், நியாயமான கோபமும்கூட. 1946ல் அந்தப் படங்களை எடுத்த அரசு அமைப்பையே மூடிவிட்டார்கள். அதனால் 1947 ஆகஸ்ட் 15 அன்று அரசிடம் சொந்தமாக ஒரு படப்பிடிப்புக் குழு கிடையாது! அன்றைய காட்சிகளாக நாம் பார்ப்பதெல்லாம் வெளிநாட்டு நியூஸ் ரீல் கம்பெனிகளும் தனியார் கேமராமேன்களும் எடுத்தவை.

1948ல் பம்பாயில், செய்திப் படமும் ஆவணப்படமும் எடுக்க மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் வந்தது. வாராவாரம் செய்திப் படம், தமிழ் உட்படப் பல மொழிகளில் வர்ணனை. ஆனால் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டாயத்தை விடவில்லை, அந்தப் படங்களுக்கான வாடகையும் தியேட்டர்காரர் தலையில்தான், வசூலில் 1 சதவீதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1999ல் அது செல்லும் என்று தீர்ப்பானது. தியேட்டர்காரர் அதை எங்கிருந்து கொடுத்திருப்பார்? நாம் எடுத்த டிக்கெட்டிலிருந்துதான்.

செய்தி சுடச்சுட வந்ததா என்றால், இல்லை. பெரிய நகரங்களில் ஓடிய பிரிண்ட் சின்ன ஊர்களுக்கு இறங்கி, டூரிங் டாக்கீஸுக்கு வந்து சேரும்போது வெள்ளம் வடிந்து அறுவடையே முடிந்திருக்கும். அமைச்சர், அணைக்கட்டு, மாலை மரியாதை, நெருக்கடி நிலையின்போது 20 அம்சத் திட்டம் என்று பிரச்சாரமும் நிறைய. சரி, இருக்கட்டும். தலைவர் ரிப்பன் வெட்டும்போது அவருக்குப் பின்னால் நிற்பவர்களைப் பாருங்கள். செருப்பில்லாத கால்கள், இடுப்பில் பிள்ளை, கேமராவையே வெறித்துப் பார்க்கும் ஒரு பையன். வர்ணனையில் அவர்களுக்கு ஒரு வார்த்தை கிடையாது, ஆனால் எனக்கு வேண்டியது அவர்கள்தான்.

இதன் அருமை பயண எழுத்தாளர் கோட்டையூர் ஏ.கே. செட்டியாருக்குத் தெரிந்திருந்தது. காந்தி பற்றிய துண்டுப் படங்களைத் தேடி உலகம் சுற்றி, 50,000 அடி ஃபிலிம் சேர்த்து, 1940ல் 12,000 அடியில் ஒரு ஆவணப்படமாகத் தமிழில் வெளியிட்டார். எங்கோ யாரோ அந்தத் துண்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

பழைய நியூஸ் ரீல் கம்பெனியான பிரிட்டிஷ் பாத்தே 2014ல் 85,000 படங்களை யூடியூபில் போட்டது. தனியார் நிறுவனம் அது. இங்கே ஃபிலிம்ஸ் டிவிஷன் 2022ல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு (என்எஃப்டிசி) இணைக்கப்பட்டுவிட்டது. சில படங்கள் யூடியூபில் இருக்கின்றன, ஆனால் "திருநெல்வேலி, 1957" என்று தேடி எடுக்க வழி வேண்டாமா? அசிட்டேட் என்ற ஒருவகை பிளாஸ்டிக்கில் செய்த பழைய ஃபிலிம் கெட்டுப்போகத் தொடங்கினால் வினிகர் வாடை வீசும், அப்புறம் சுருங்கி நெளிந்துவிடும், பிறகு எந்த மெஷினிலும் ஓட்ட முடியாது. முதலில் ஊர், ஆண்டு வாரியாகத் தமிழில் ஒரு பட்டியல் வரட்டும். நம் எம்.பி.க்கள் யாராவது நாடாளுமன்றத்தில் இதைக் கேட்கட்டும்.