பத்திரத்தில் வில்லங்கம் இல்லை, சுவரில்தான்

சென்னை வேளச்சேரிப் பக்கம் வாங்கலாமென்று பழைய ஃபிளாட் ஒன்று பார்த்தோம். சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானத்தைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழை 30 வருடத்துக்கு எடுத்தாயிற்று, முந்தைய உரிமையைக் காட்டும் தாய்ப்பத்திரத்தை வக்கீல் பார்த்தாயிற்று. எல்லாம் சுத்தம். சரி, சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா, மொட்டைமாடி ஒழுகுமா என்பதை எந்தச் சான்றிதழில் பார்ப்பது? வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார். அவர் கவலை கடனுக்கு வீடு தாங்குமா என்பது, மழைக்குத் தாங்குமா என்பதல்ல.

வீட்டைக் காட்டுவதும் மே மாதத்தில்தான். அதுவும் புது பெயிண்ட் வாசனையோடு! படுக்கையறைக் கூரையில் ஓரிடம் மட்டும் புதுப் பூச்சு. உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பும்போது கான்கிரீட் பெயர்ந்து விழும். அதைப் பூசி மறைக்க ஒரு கொத்தனாரும் அரை நாளும் போதும். கேட்டால், "சும்மா சின்ன கீறல் சார்" என்கிறார் தரகர்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் இங்கே தண்ணீர் வந்ததா என்றேன். "இந்தத் தெருவுக்கு வரவே இல்லை" என்றார். அப்புறம் கீழே இறங்கி, இஸ்திரி வண்டிக்காரரிடம் அதையே கேட்டேன். அவர் பேசவில்லை, கையை இடுப்பில் வைத்துக் காட்டினார்.