அந்தப் பந்தை எறிந்தவர்

2003 ரக்பி உலகக் கோப்பை இறுதிப் போட்டி என்றாலே எல்லோரும் ஜானி வில்கின்சனின் டிராப் கோலைத்தான் (பந்தைத் தரையில் விட்டு, எழும்பும்போது கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) பேசுவார்கள். சிட்னி, எக்ஸ்ட்ரா டைம், 17-17, அரை நிமிடம்கூட மிச்சமில்லை, பழக்கமான இடது காலை விட்டு வலது காலால் உதைத்தார், இங்கிலாந்து ஜெயித்தது. சரி. ஆனால் அந்த வீடியோவை எப்போது போட்டாலும் நான் கொஞ்சம் முன்னால் போய் அந்த லைன்-அவுட்டைத்தான் பார்ப்பேன், அதாவது கோட்டுக்கு வெளியே போன பந்தை, வரிசையாக நிற்கும் இரு அணியினருக்கு நடுவே எறிந்து ஆட்டத்தைத் தொடர்வதை. பந்தை எறிய வேண்டிய ஹூக்கர் ஸ்டீவ் தாம்சன் கோட்டுக்கு வெளியே நிற்கிறார், பந்தைத் தலைக்கு மேல் தூக்குகிறார். பக்கத்தில் இருப்பவருக்குப் போட்டால் பத்திரம். அவரோ வரிசையின் கடைசியில் இருந்த லூயிஸ் மூடிக்கு எறிகிறார், ஈரப் பந்தை, கிட்டத்தட்ட நூறு நிமிடம் முட்டி மோதிக் களைத்த கையால். இம்மி பிசகவில்லை. அங்கிருந்துதான் அந்த டிராப் கோல் பிறந்தது.

அந்த எறி தாம்சனுக்கு நினைவில் இல்லை. கோப்பையை ஜெயித்ததே நினைவில் இல்லை. 2020-இல், 42 வயதில், ஆட்டத்தில் தலையில் பட்ட அடிகளால் தனக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய், வந்துவிட்டது என்று வெளியே சொன்னார். மனைவியின் பெயரே சில நேரம் வராமல் போகிறது என்றார். படித்த அன்று எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

நார்த்தாம்ப்டன் கிளப், இங்கிலாந்துக்கு 73 ஆட்டங்கள், 2007-இல் கழுத்துக் காயத்தால் ஓய்வு, அப்புறம் பிரான்ஸில் பிரீவ் அணிக்காக மறுபடி களம், 2011 உலகக் கோப்பை வரை. பின்வாங்கத் தெரியாத மனிதர்.

"அபாயம் தெரிந்துதானே ஆடினார்கள்?" என்று கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது. கழுத்து உடையலாம், தோள் இறங்கலாம் என்பது தெரியும். மூளையைப் பற்றி யார் சொன்னார்கள்? 1995-இல்தான் ரக்பி யூனியன் (அணிக்கு 15 பேர் ஆடும் ரக்பி) தொழில்முறை ஆட்டமானது. அதற்கு முன் பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சி செய்தார்கள். அதன் பிறகு வந்த தாம்சனின் தலைமுறைக்கு வாரம் முழுக்க மோதல்தான். இரு அணி முன்வீரர்களும் பிணைந்து ஒருவரையொருவர் தள்ளும் ஸ்க்ரம்மில் முன்வரிசையின் நடுவில் நிற்பவர் ஹூக்கர், இரு பக்கத்து எடையும் அவர் தலையையும் கழுத்தையும் சுற்றித்தான் இறங்கும். பயிற்சியில், எதிரணிக்குப் பதில் வைக்கும் கனமான ஸ்க்ரம் மெஷினில் திரும்பத் திரும்ப முட்டுவார்கள், ஒரு கணம் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் போகும் என்று அவரே சொல்லியிருக்கிறார். நாம் டிவியில் பார்த்தது வாரத்துக்கு ஒரு 80 நிமிடம்தான்.

2021-இல் உலக ரக்பி அமைப்பு, முழு மோதல் பயிற்சி வாரத்துக்கு 15 நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்றது, அதுவும் வெறும் பரிந்துரையாக. ஏன் பரிந்துரை? கட்டாய விதியாக்குங்கள். மீறுகிற கிளப்புக்குப் புள்ளியைக் குறையுங்கள், பயிற்சி மைதானத்துக்கே ஆள் அனுப்பிக் கண்காணியுங்கள். மூளைப் பாதிப்புக்காக ரக்பி நிர்வாகங்கள் மீது தாம்சனும் மற்ற முன்னாள் வீரர்களும் நீதிமன்றத்துக்குப் போனதை ஆட்டத்துக்குச் செய்த துரோகம் என்று எழுதுபவர்கள், தயவுசெய்து அந்த லைன்-அவுட்டை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.