'எக்ஸ்ட்ரா' வேண்டாம் என்றால் வாரண்டி போய்விடுமா?

"காரை சர்வீஸுக்கு விடும்போது இன்ஜின் ஃப்ளஷ் (இன்ஜின் உள்பகுதியைக் கழுவுவது), டெஃப்லான் கோட்டிங் (பெயின்ட் மேல் பாதுகாப்புப் பூச்சு), ஏசி கிளீனிங் எல்லாம் செய்யாவிட்டால் வாரண்டி ரத்து." தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

வாரண்டிக்கு அவசியம், அட்டவணைப்படி செய்யும் சர்வீஸ்தான். எத்தனை கிலோமீட்டரில் ஆயில் மாற்ற வேண்டும், எப்போது ஃபில்டர் மாற்ற வேண்டும் என்பது காருடன் தந்த கையேட்டிலேயே இருக்கிறது. அந்த அட்டவணையில் இல்லாதது உங்கள் விருப்பம். டேஷ்போர்டு பாலிஷை மறுத்ததற்காக யாரும் வாரண்டியைப் பறிக்க முடியாது. ஆனால் அட்டவணை சர்வீஸையே தவறவிட்டால் சிக்கல் வரலாம், அது வேறு விஷயம்.

அதற்காக எக்ஸ்ட்ரா எல்லாமே வீண் என்றும் சொல்ல முடியாது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி போல உப்புக்காற்று அடிக்கும் ஊர்களில் அடிப்பாகத் துருத்தடுப்புப் பூச்சுக்கு அர்த்தம் உண்டு. அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசியில் ஓடும் காருக்கு ஏசி ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். பல கார்களில் அது முன்சீட்டுக்கு எதிரே டேஷ்போர்டில் உள்ள டப்பாவுக்கு (குளோவ் பாக்ஸ்) பின்னால்தான் இருக்கும். கழற்றிப் பார்த்துவிட்டே முடிவு செய்யலாம். டயருக்கு நைட்ரஜனா? சாதாரணக் காற்றிலேயே சுமார் 78 சதவீதம் அதுதான், எனவே அதற்குத் தனியாகக் காசு கொடுக்க அவசியமில்லை.

செய்யப்போகும் வேலைகளைப் பட்டியலிடும் ஜாப் கார்டில் கையெழுத்திடும் முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். வேண்டாததை அடிக்கச் சொல்லுங்கள். கேட்காத வேலைக்குப் பில் போட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

அந்தச் செய்தி உங்களுக்கும் வந்திருந்தால், தயவுசெய்து மேற்கொண்டு அனுப்ப வேண்டாம்.