வல்வெட்டித்துறைப் பெயரைக் கேட்டுச் சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியில் நடந்த கண்காட்சிக் கூட்டத்தின் காணொளியை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். திரையில் அந்தப் பழைய பாய்மரக் கப்பலின் படம் வந்ததும் பேசியவர் "இது கடத்தல்காரங்க ஊருக் கப்பல்" என்றார், அரங்கமே சிரித்தது. பேசியவரோடு எனக்குச் சண்டை இல்லை. சிரித்தது நாம், செட்டிநாட்டுக்காரர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தக் கப்பலின் பெயர் அன்னபூரணி. யாழ்ப்பாணத்து வடகரையில், பருத்தித்துறைக்குப் பக்கத்தில் இருக்கிற வல்வெட்டித்துறையில் அந்த ஊர்க்காரர்களே கட்டியது. வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கி, ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பெயரையும் மாற்றினார். அது சூயஸ் வழியாகப் போய், அட்லாண்டிக்கைத் தாண்டி, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸில் குளோஸ்டர் துறைமுகத்தைத் தொட்டது. அதை ஓட்டிப்போனவர்களில் வல்வெட்டித்துறைத் தமிழர்கள் இருந்தார்கள். ஒரு சின்ன ஊர்க் கடற்கரையில் தமிழ்த் தச்சர்கள் கட்டிய கப்பல் அமெரிக்கா வரை போயிருக்கிறது, அதன் படத்தைப் பார்த்து நாம் சிரித்திருக்கிறோம்.

அது கப்பல் கட்டிய ஊர், கப்பல் ஓட்டிய ஊர். யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போனதும், பர்மா அரிசி யாழ்ப்பாணத்துக்கு வந்ததும் பாய்மரக் கப்பல்களில்தான். தலைமை மாலுமியைத் தண்டையல் என்பார்கள். காற்றையும் நட்சத்திரத்தையும் பார்த்து வங்காள விரிகுடாவைக் கடந்தவர்கள் அவர்கள்.

எங்கள் ஐயா ரங்கூனில் மொகல் தெருக் கடை ஒன்றில் அடுத்தாளாக, அதாவது மேலாளுக்கு உதவியாளராக, இருந்தவர். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போய் வருஷக்கணக்கில் ஊர் திரும்பாதவர். அரிசி ஏற்ற வந்த யாழ்ப்பாணத்துக் கப்பல்காரர் ஒருவரிடம், அப்பத்தாவுக்கென்று ஒரு பர்மா அரக்குப் பெட்டியும் அதற்குள் கொஞ்சம் பணமும் கொடுத்துவிட்டாராம். சீட்டு இல்லை, சாட்சி இல்லை. அந்தப் பெட்டி கடல் தாண்டி, தொண்டியில் இறங்கி, கைமாறிக் கைமாறி தேவகோட்டைக்கு வந்து சேர்ந்தது. பணத்தில் காலணா குறையவில்லை என்று அப்பத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டி இன்னும் எங்கள் வளவில் இருக்கிறது. அந்தக் கப்பல்காரரை நான் கடத்தல்காரர் என்று சொல்ல வேண்டுமா?

"அப்ப கடத்தலே நடக்கலையா?" என்று கேட்பீர்கள். நடந்தது. யார் இல்லை என்றது? நம் கரைக்கும் வல்வெட்டித்துறைக்கும் நடுவே, காற்று வாகாக இருந்தால் ஒரு ராத்திரி ஓட்டத்தில் போய்வந்த கடல் அது. திடீரென்று இரண்டு நாடு, இரண்டு சுங்கம், இறக்குமதிக் கட்டுப்பாடு என்று வந்தபோது, நேற்றுவரை வியாபாரமாக இருந்தது இன்று குற்றமாகிவிட்டது. சிலர் அதில் சம்பாதித்தார்கள், அதையும் மறைக்கவில்லை. ஆனால் அந்த முப்பது நாற்பது வருஷக் கதையை வைத்து, தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டிய ஊருக்குப் பெயர் வைக்க நீங்கள் யார்?

இன்னொருவர் உள்பெட்டியில் வந்து "ஈழ அரசியலை ஏன் இழுக்கிறீர்கள்" என்கிறார். நான் இழுக்கவில்லை. அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் உங்களுக்கு விடுதலைப் புலிகள் தலைவர் பிரபாகரன் ஒருவர்தான் நினைவுக்கு வருகிறார் என்றால், அவர் பிறந்தது 1954-இல். அன்னபூரணி குளோஸ்டருக்குப் போனது அதற்குப் பதினாறு வருஷம் முன்னால். அவ்வளவுதான், இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

உண்மையில் எனக்கு ஆத்திரம் வேறு இடத்தில். பர்மாவில் கடன் கொடுத்துத் தொழில் செய்த நம்மைப் பற்றி ஊர் உலகம் என்ன சொல்லியது என்று மறந்துவிட்டோமா? 1930-இல் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 6 சதவீதம்தான். நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், 1938-க்குள் அது 25 சதவீதம் ஆனது. அந்த எட்டு வருஷத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நம்மை வட்டிக்காரன், நிலம் பிடுங்கி என்றார்கள். பணத்தை வயலில் போட்டு அந்தக் காட்டுச் சதுப்பைக் கழனியாக்கியதில் நமக்குப் பங்கு இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது லட்சக்கணக்கானோர் காடுமலை கடந்து நடந்தே வந்தார்கள், வழியில் செத்தவர்கள் எத்தனையோ பேர். பர்மாவின் ராணுவ ஆட்சியாளர் நெ வின் காலத்தில் மிச்சமும் போனது. எங்கள் ஐயா கையில் கடைசிவரை இருந்தது ஒரு கட்டு பர்மாப் பத்திரம்தான். "வட்டிக்காரன் சொத்து போனா போகட்டும்" என்று அவர் காதுபடவே பேசினார்கள். அதைக் கேட்டு வளர்ந்த வீட்டுப் பிள்ளைகள்தானே அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தது?

நம் வீட்டுத் தேக்குத் தூண் எல்லாம் கடல் தாண்டி வந்தது. வாங்கிய முதலாளியின் படம் முகப்பில் தொங்குகிறது. கடல் தாண்டிக் கொண்டுவந்த ஒரு மாலுமியின் பெயராவது நம்மில் யாருக்காவது தெரியுமா? எனக்கும் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தவர் பெயர் தெரியாது.

கண்காட்சி நடத்துகிறவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அடுத்த மாதம் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வரப்போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்குள் அந்தப் படத்துக்குக் கீழே "அன்னபூரணி, வல்வெட்டித்துறையில் கட்டிய கப்பல்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். அச்சடிக்கிற செலவு என்னுடையது.