தவணை கட்டுனா வறுமை போயிடுச்சா?

'குறுங்கடன் (ஏழைங்களுக்கு குடுக்குற சின்னக் கடன்) வாங்குன கிட்டத்தட்ட எல்லாரும் கரெக்டா கட்டிடுறாங்க, அப்போ வறுமை ஒழிஞ்சுதுனு தானே அர்த்தம்'னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. தப்புங்க. தவணை கட்டுறது வேற வருமானம் கூடுறது வேற, கைமாத்து வாங்கிக்கூட கட்டலாம், ஒருத்தருக்கொருத்தர் பொறுப்பேத்து வாங்குற குழுக்கடன்னா கூட இருக்கவங்க நெருக்குவாங்களேனு பயந்தே கட்டுறவங்க உண்டு. போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோனு ஆறு நாட்டு ஆய்வு 2015ல ஒண்ணா வெளிவந்துச்சு, சராசரி குடும்ப வருமானம் பெருசா ஏறல. அதுக்காக சுத்த வேஸ்ட்னும் இல்ல, சிலர் தொழில பெருசாக்குனாங்க.

கடன் மட்டுமில்ல, காச கையாளக் கத்துத்தர்ற நிதிக் கல்வியும் எப்படி சொல்லித்தர்றோம்ங்கிறத பொறுத்துதான். டொமினிகன் குடியரசுல 'தொழில் காசையும் வீட்டுக் காசையும் தனியா வைங்க'ங்கிற மாதிரி சிம்பிள் ரூல்ஸ், முழு அக்கவுண்டிங் பாடத்த விட நல்லா எடுபட்டுச்சு. 12% ஃப்ளாட் வட்டினு (அசல் குறைஞ்சுட்டே வந்தாலும் முதல்ல வாங்குன முழுத் தொகைக்கும் போடுற வட்டி) சொல்லி 12 மாசத் தவணைல குடுத்தா உண்மையான வட்டி வருஷத்துக்கு 21%க்கு மேல, இத எத்தன பேரு விளக்குறாங்க?